திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெயில் வந்து சேர்ந்தது. சி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆடிட் பார்த்தாயிற்று, இப்போது மும்பையில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தில் அனலிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா, பிற்பாடு ஃபண்ட் மேனேஜர் ஆக முடியுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குள் உன் அம்மா, அதான் என் அக்கா, எனக்கு ஃபோன் போட்டு, "ஷேர் மார்க்கெட்டெல்லாம் நமக்கு எதுக்குடா" என்று ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்துவிட்டாள். அது மாதச் சம்பள வேலைதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அது பாதி உண்மை. மீதியை உனக்கு எழுதுகிறேன்.

எந்தப் பங்கு ஏறும் என்று கண்டுபிடிப்பதுதானே வேலை என்று எழுதியிருக்கிறாய். டி.வி. பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நாற்காலியில் வெகுகாலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பங்கைத் தேர்ந்தெடுப்பது அந்த வேலையில் கால்வாசிகூட இல்லை. அடுத்தவர் பணத்தை, அவர் கேட்கிற அன்றைக்கு எடுத்துக் கொடுக்கிற நிலையில் வைத்திருப்பதுதான் வேலை. வருமானமெல்லாம் அதற்குப் பிறகு.

ஓபன் எண்டெட் திட்டம் என்றால் என்ன? முதலீட்டாளர் மூன்று மணிக்குள் பட்டனைத் தட்டினால் அன்றைய என்.ஏ.வி. விலையில், அதாவது யூனிட்டின் நிகர மதிப்பில், கணக்கு முடிந்துவிடும். மூன்று வேலை நாட்களுக்குள் அவர் வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும். அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மகள் காலேஜ் ஃபீஸாக இருக்கலாம், மனைக்கு அட்வான்ஸாக இருக்கலாம், வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்ட பீதியாகவும் இருக்கலாம். நீ வாங்கிய பங்கோ பத்து வருடம் கழித்துப் பலன் தரப்போவது. அவருடைய மூன்று நாளுக்கும் உன்னுடைய பத்து வருடத்துக்கும் நடுவில்தான் ஃபண்ட் மேனேஜர் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பேப்பர் எடுத்துக்கொள். உன் கையில் 6,000 கோடி ரூபாய் ஸ்மால்கேப் திட்டம் இருக்கிறது. ஒரு நல்ல சின்னக் கம்பெனியைக் கண்டுபிடிக்கிறாய். கடன் இல்லை, ஓனர் நேர்மையானவர், தொழில் வளர்கிறது. திட்டத்தில் ஒரு சதவீதமாவது வாங்கினால்தான் லாபம் கண்ணில் தெரியும். அதற்கு 60 கோடி வேண்டும். அந்தப் பங்கில் ஒரு நாளைக்கு நடக்கிற மொத்த வியாபாரமே 3 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீ வாங்கினால் உன் சத்தத்திலேயே விலை ஏறிவிடும். ஆக, நாளுக்கு ஒரு கோடி, அறுபது வர்த்தக நாட்கள், ஏறக்குறைய மூன்று மாதம். பரவாயில்லை, பொறுமையாக வாங்கிவிடலாம். இனி அதை விற்பதைப் பார். சந்தை விழுகிற காலத்தில் அதே பங்கின் வியாபாரம் நாளுக்கு ஒரு கோடியாகச் சுருங்கியிருக்கும். அதே மூன்றில் ஒரு பங்கு என்றால் நாளுக்கு 33 லட்சம். நூற்றெண்பது நாள், ஒன்பது மாதம். முதலீட்டாளருக்கோ மூன்று நாளில் பணம் வேண்டும்.

அப்போது என்ன நடக்கும்? சட்டென்று விற்கக்கூடிய பெரிய, நல்ல பங்குகளை விற்றுப் பணம் கொடுப்பாய். முதலில் ஓடியவருக்கு முழுப் பணம் போய்ச் சேரும். ஓடாமல் உன்னை நம்பி இருந்தவர் தலையில் விற்க முடியாத சரக்கெல்லாம் மிஞ்சும். இந்த அநியாயத்தை ஃபாக்ட் ஷீட்டில் எந்தக் கட்டத்திலும் பார்க்க முடியாது. 2024-லிருந்து மிட்கேப், ஸ்மால்கேப் திட்டங்கள் தங்கள் சரக்கில் கால்வாசியை விற்க எத்தனை நாள், பாதியை விற்க எத்தனை நாள் என்று மாதாமாதம் வெளியிட வேண்டியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். வேலையில் சேர்ந்ததும் உன் நிறுவனத்தின் அந்தக் கணக்கைத்தான் நீ முதலில் எடுத்துப் படிக்க வேண்டும்.

விற்க முடியாத சரக்கின் சங்கடத்தை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். இந்தத் தொழிலின் தனியார் கதை நம்ம சென்னையில்தான் தொடங்கியது. 1993-ல் கோத்தாரி பயனியர். நாட்டின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்ட். அது கைமாறி 2002-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டனிடம் போனது. அதே ஃபிராங்க்ளின் 2020 ஏப்ரல் 23 அன்று ஆறு கடன் பத்திரத் திட்டங்களை ஒரேயடியாக மூடியது. ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய் உள்ளே மாட்டிக்கொண்டது. கொரோனா ஊரடங்கு, ஒரு பக்கம் பணம் கேட்டு வரிசை, இன்னொரு பக்கம் தரம் குறைந்த பத்திரங்களை வாங்க ஆளில்லாத சந்தை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எஸ்.பி.ஐ. ஃபண்ட்ஸ் மூலமாகத் தவணை தவணையாகப் பணம் திரும்பியது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், மூடிய அன்று இருந்த மதிப்பைவிட அதிகமாகவே வந்திருந்தது. ஆக, உள்ளே இருந்ததெல்லாம் குப்பை இல்லை. கேட்ட அன்றைக்கு விற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கலாம் என்று போட்டு வைத்திருந்தவரிடம் போய் "பின்னால் கூடுதலாகவே வந்துவிட்டதே" என்று சொல்லிப் பார், என்ன பதில் வருகிறதென்று.

ஆபத்துக் காலத்தில்தான் ஜனங்கள் ஓடுவார்கள் என்றும் நினைத்துவிடாதே. 2020 மார்ச் 23, நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. காலையில் சந்தையையே முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த மார்ச்சில் ஈக்விட்டி திட்டங்களுக்குப் பணம் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. சந்தை எழுந்து நின்ற பிறகுதான் வேடிக்கை. ஜூலை தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை மாதாமாதம் பணம் வெளியேறியது. போட்ட முதல் திரும்பிவிட்டது, தப்பித்தோம் சாமி என்று எடுத்துக்கொண்டு போனார்கள். ஏறுகிற சந்தையில், தாங்கள் விரும்பிய பங்குகளை விற்று விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் ஃபண்ட் மேனேஜர்கள்.

வருகிற பணமும் தலைவலிதான். ஒரு திட்டம் ஒரு வருடம் நன்றாக ஓடினால் போதும், பணம் கொட்டும். அது கொட்டுகிற நேரம் பெரும்பாலும் விலையெல்லாம் உச்சியில் இருக்கிற நேரம். வேண்டாம் என்று சொல்ல மனசு வர வேண்டும். 2023-ல் சில ஸ்மால்கேப் திட்டங்கள் மொத்தமாகப் போடுகிற பணத்தை வாங்காமல் கதவைச் சாத்தின. விற்பனைப் பிரிவு சும்மா இருக்குமா? நிர்வகிக்கிற பணம் கூடினால்தான் நிறுவனத்துக்கு வருமானம். அப்படிக் கதவைச் சாத்துகிற ஃபண்ட் மேனேஜருக்கு மேலிடம் துணை நிற்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தாலே அந்த நிறுவனத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். பெரும்பாலும் படிப்பில். விடியும்போது வெளிநாட்டுச் சந்தை, பேப்பர், முந்தின நாள் ரிசல்ட். எட்டரை வாக்கில் மார்னிங் மீட்டிங். 9.15-க்குச் சந்தை திறக்கும். நீ பட்டனைத் தட்டி வாங்க முடியாது. ஆர்டரைப் போடு, ஏன் வாங்குகிறாய் என்று காரணத்தை எழுது, டீலர்தான் வாங்குவார். டீலிங் ரூமில் செல்ஃபோனுக்கு இடமில்லை, பேசுகிற ஒவ்வொரு லைனும் பதிவாகும். பெரிய ஃபண்ட் எதை வாங்கப் போகிறது என்று முன்கூட்டித் தெரிந்தவன் அதைத் தன் கணக்கில் முதலில் வாங்கிவைத்துச் சம்பாதிக்கிற திருட்டு இந்தத் தொழிலின் பழைய வியாதி. உன் சொந்தக் கணக்கில் ஒரு பங்கு வாங்கவும் முன் அனுமதி வேண்டும். 2021-ல் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபி இன்னொன்றும் செய்தது: சம்பளத்தில் ஒரு பகுதியை நீ பார்த்துக்கொள்கிற திட்டத்திலேயே போட்டு மூன்று வருடம் பூட்டிவைக்க வேண்டும். பின்னால் சம்பள அளவைப் பார்த்துக் கொஞ்சம் தளர்த்தினார்கள். சமையல்காரரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்கிற நியாயம்தான், எனக்கு அதில் மறுப்பில்லை.

உன் ஆடிட் அனுபவம் இங்கே வீண்போகாது. எம்.பி.ஏ. படித்துவிட்டு வருகிறவர்கள் ஆண்டறிக்கையை முன்பக்கத்திலிருந்து படிப்பார்கள், சேர்மன் உரை, கலர் படம் என்று. நீ பின்பக்கத்திலிருந்து தொடங்கு. கணக்குக் குறிப்புகள், உறவுக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், வர வேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, ஆடிட்டர் ஏன் நடுவில் மாறினார். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை ஒரு முறையாவது எடுத்துப் படி. வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் பங்கு முக்கால்வாசிக்கு மேல் விழுந்துவிட்டது. லாபத்தைவிட ரொக்கத்தைச் சந்தேகிக்கப் பழகு.

கம்பெனிக்கு நேரில் போகிற வழக்கத்தையும் விடாதே. எம்.டி. அறையில் காபி நன்றாக இருக்கும், தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலைக்குப் போனபோது நான் குடோனைக் காட்டச் சொன்னேன். விற்றுத் தீர்கிறது என்று சொன்ன மாடலின் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேலே விரல் கனத்துக்குத் தூசி, மேலட்டையில் போன வருடத் தேதி. அதற்கு மேல் கேள்வி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. தூசி யார் கண்ணுக்கும் தெரிவது. உன்னோடு ஆர்ட்டிகிள்ஷிப் செய்த பையன் அந்தக் கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு அடுத்த வாரம் வரப்போகிற லாபத்தைச் சொன்னால் அது வேறு சங்கதி. அதைக் காதில் வாங்கிவிட்டால் கம்ப்ளையன்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பங்கின் பக்கமே போகாதே. கல்யாண வீடுகளில் சித்தப்பா முறை, பெரியப்பா முறை என்று டிப்ஸ் கேட்டு வருவார்கள். சிரித்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசு.

மதிப்பீடு என்கிற விஷயம்தான் ஆளைக் கரைக்கும். பத்து வருடப் பலனுக்காக வாங்கிய பங்குக்கு ஒவ்வொரு ராத்திரியும் என்.ஏ.வி. என்று மார்க் போட்டுவிடுவார்கள். ஒரு மாதம் பின்தங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வருடம் பின்தங்கினால் விநியோகஸ்தர்கள் கூப்பிடுவார்கள். இரண்டு வருடம் என்றால் டிரஸ்டிகள் முன் உட்கார்ந்து விளக்க வேண்டும். இதற்குப் பயந்து பலர் நிஃப்டியையே கொஞ்சம் கலைத்துப்போட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதில் இன்னொரு சங்கடம்: ஒரு திட்டம் எந்த ஒரு கம்பெனிப் பங்கிலும் பத்து சதவீதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 2023-ல் எச்.டி.எஃப்.சி. நிறுவனம் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்த பிறகு நிஃப்டியில் அந்த வங்கிப் பங்கின் எடை பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கிற இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அந்தக் கட்டு இல்லை. உனக்கு உண்டு. அந்தப் பங்கு வேகமாக ஏறினால், நீ எவ்வளவு நம்பி வைத்திருந்தாலும் பின்தங்குவாய்.

இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1976-ல் ஜான் போகிள் அமெரிக்காவில் அதைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தபோது கேலி செய்தார்கள். இன்றைக்கு லார்ஜ்கேப்பில் பெரும்பாலான ஃபண்ட் மேனேஜர்களால் செலவு போகக் குறியீட்டைத் தாண்ட முடியவில்லை. இது தொழிலுக்குள் எல்லோருக்கும் தெரியும். நீ நாற்காலிக்கு வருகிற காலத்தில் இன்னும் கடினமாகியிருக்கும். ஆகவே லார்ஜ்கேப் டீமில் போட்டால், வேறு டீம் கேட்டுப் பார். ஆராய்ச்சிக்கு இன்னும் கூலி கிடைக்கிற இடம் கீழே, யாரும் அதிகம் படிக்காத சின்னக் கம்பெனிகளில்தான். அங்கேதான் முதலில் சொன்ன விற்க முடியாத சங்கடமும் இருக்கிறது.

ஃபிடெலிட்டி மெகல்லன் ஃபண்டைப் பார்த்த பீட்டர் லிஞ்ச்சின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1977-ல் ஏற்றுக்கொண்டு, 1990-ல் 46 வயதில் விலகி வீட்டுக்குப் போனவர். அவருடைய வருமான சதவீதத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று அவர் விலகியதை யாரும் சொல்வதில்லை. அக்காவின் பயம் அந்தப் பக்கம் இருந்தால் அதில் நியாயம் உண்டு. ரிசல்ட் சீசனில் நீ வீட்டுக்கு வந்தாலும் வந்த மாதிரி இருக்காது.

எனக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கிறது. பரபரப்பில்லாமல் படிக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆஃபருக்குப் பதில் சொல்லுமுன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேள். பணம் வேண்டாம் என்று இந்த நிறுவனம் எப்போதாவது எந்தத் திட்டத்தையாவது மூடியிருக்கிறதா? தவறு என்று தெரிந்த பங்கை விற்று வெளியேறச் சொன்ன அனலிஸ்ட் இப்போது எங்கே இருக்கிறார்? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் சேர். இழுத்தால், சம்பளம் எவ்வளவு போட்டிருந்தாலும் வேறு இடம் பார். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா