சனிக்கிழமைக் கூலியும் ஞாயிறு ஆராதனையும்

பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கம் போன்ற ஊர்களில், ஞாயிறு காலையில் வெள்ளை உடுத்தி, பைபிளும் கையுமாகப் போகிறவர்களைத் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். பரிசுத்தம் என்றதும் பலருக்கு மனதில் வருவது அந்தத் தோற்றம்தான். அதையொட்டி உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பரிசுத்தமெல்லாம் சாமியாருக்கும் சிஸ்டருக்கும் பாஸ்டருக்கும்தான். பிள்ளைகுட்டிக்காரருக்கு ஒத்துவராது.

உண்மை: குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாத ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல்முறை. புனிதத்துக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே சொல்லிவிட்டது. பவுலும், சண்டையும் வழக்குமாகக் கிடந்த கொரிந்து சபையாரைத்தான் பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்றார்.

நம்பிக்கை 2: நகை போடக்கூடாது, சினிமா பார்க்கக்கூடாது. அதைக் கடைப்பிடித்தால் போதும்.

உண்மை: நகை அணியாதிருப்பது பல பெந்தெகொஸ்தே குடும்பங்கள் மனமுவந்து ஏற்ற ஒழுங்கு, கேலிக்குரியதல்ல. ஆனால் அங்கேயே நின்றுவிட வேதம் இடம் கொடுப்பதில்லை. பரிசுத்தராக இருங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். உடை, முடி பற்றி ஓரிரு வசனங்கள் உண்டு. மற்றபடி வயலோரக் கதிரை ஏழைக்கு விட்டுவைப்பது, காது கேளாதவரைத் திட்டாதிருப்பது, தராசும் படியும் சரியாக வைத்திருப்பது என்றே போகிறது. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்றும் அங்கேயே கட்டளை இருக்கிறது.

வீட்டுக்குப் பூச்சுவேலை நடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சித்தாள் அம்மா கைகால் கழுவிவிட்டு வாசலில் நிற்கிறார். "சில்லறை இல்லம்மா, திங்கக்கிழமை சேர்த்து வாங்கிக்கோ" என்கிறோம். அந்தப் பணத்தில்தான் அவர் அரிசி வாங்க வேண்டும். மறுநாள் ஆராதனையில் நாம் எத்தனை உருக்கமாகப் பாடினாலும், அந்த அதிகாரத்தின்படி அது மீறல்தான். ஸ்வீட் கடையில் அட்டை டப்பாவையும் சேர்த்து எடை போடுவதும் இதே கணக்கில் வரும்.

நம்பிக்கை 3: சாதி ஊர் வழக்கம். அதை ஆவிக்குரிய காரியத்தோடு சேர்க்கக்கூடாது.

உண்மை: தேவசகாயம் சாதி பாராமல் எல்லோருடனும் சமமாகப் பழகியது மேல்தட்டினரின் பகையைத் தேடித் தந்தது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் உட்கார்ந்தார்கள். பேன்ட்டின் இரு கால்கள் போல இரண்டு கூடங்கள் பீடத்தில் வந்து சேரும்படி அதைக் கட்டியிருந்தார்கள். 1910-ல் இரு பக்கங்களுக்கும் இடையிலிருந்த தடுப்பு அகற்றப்பட்டதும் ஒரு தரப்பு வழக்குப் போட்டது. தனி இடம் கேட்ட அந்தக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற பட்டத்தையும் வத்திக்கான் விட்டுவிட்டது. நம் வரன் விளம்பரங்களிலோ 'இரட்சிக்கப்பட்ட பெண் தேவை' என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே சாதிப் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம்பிக்கை 4: ஜெபம் வேறு, பிழைப்பு வேறு.

உண்மை: பிரதான ஆசாரியரின் நெற்றிப்பட்டத்தில் பொறித்திருந்த 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற வாசகம், ஒருநாள் குதிரை மணிகளிலும் எழுதியிருக்கும், எருசலேமின் பானைகளெல்லாம் பரிசுத்தமாக இருக்கும் என்று சகரியா தீர்க்கதரிசி தன் நூலை முடிக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றின் சமையற்காரராக இருந்த சகோதரர் லாரன்ஸ், அடுப்படியிலும் ஜெபத்தில் இருப்பதுபோலவே கடவுளோடு இருந்தவர். அப்படியானால் அம்பத்தூர் எஸ்டேட்டில், பரிசோதிக்காத சரக்குக்கு 'ஓகே' கையெழுத்துப் போடாத தொழிலாளியும் அந்த வேளையில் ஆராதனைதான் செய்கிறார்.

உங்கள் பரிசுத்தத்துக்குச் சபைச் சான்றிதழ் போதாது. வீட்டுவேலைக்கு வரும் அக்கா, மாடியில் குடியிருப்பவர், உங்களிடம் கடன் வாங்கியவர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பாக்கிக் கூலியைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.