நினைவிழந்த கதாபாத்திரத்தை நம்பும்படி எழுத: கதாசிரியர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

1. என்ன மறதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழையது அழிந்துவிட்டதா, புதியது பதிய மறுக்கிறதா? ‘கஜினி’ (2005) நாயகனுக்குப் புதியது 15 நிமிடத்துக்கு மேல் தங்காது. இரண்டையும் குழப்பினால் கதை நிற்காது.

2. பெயரையும் ஊரையும் மறக்கவைக்க அவசரப்படாதீர்கள். தலையில் அடிபட்டவருக்கு அது மிக அரிது. பெரும்பாலும் போவது, அடிபட்ட நேரமும் அதை ஒட்டிய காலமும்தான். கான்சாபுரத்து விவசாயி ஒருவருக்குப் போன மாதம் நடந்த மகள் கல்யாணம் மறந்திருக்கலாம். இருபது வருடத்துக்கு முந்தைய வரப்புத் தகராறு அப்படியே இருக்கும்.

3. கைப்பழக்கத்தை விட்டுவையுங்கள். அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முன்பு வரைந்ததே தெரியாமல். நம் விவசாயியும் மம்பட்டியை எடுத்தால் மடையைச் சரியாகத் திருப்பிவிடுவார்.

4. புதியது பதியாதவருக்குக் கேள்வி மாறாது, பதில் மாறட்டும். விவசாயி கேட்கிறார்: “ஏ புள்ள, பிளவக்கல் டேமுல தண்ணி தொறந்துட்டாங்களா?” முதல் தடவை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “தொறந்து ஒரு வாரமாச்சுங்க” என்பாள். நாலாவது தடவை அரிசி புடைத்துக்கொண்டே, “தொறந்தாச்சு.” எட்டாவது தடவை முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுவாள். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுக்கேள்வி. கதையின் பாரம் அவள் தலையில்தான். அவளைத் துணைப்பாத்திரமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

5. ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012) படத்தைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்குக் கல்யாண நேரத்தில் கிரிக்கெட் ஆடும்போது அடிபட்டு உண்மையிலேயே நேர்ந்த மறதிதான் அதன் கதை. படத்துக்கு ஒளிப்பதிவும் அவரே. நண்பர்களின் பதற்றத்தை வைத்தே முழுக்கதையும் ஓடுகிறது. தமிழில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

6. இன்னொரு அடியால் நினைவு திரும்பாது. மறுபடி அடிபட்டால் காயம்தான் கூடும். நினைவு துண்டு துண்டாக, பெரும்பாலும் பழையது முதலில் வரும். அடிபட்ட கணம் வராமலே போகலாம். மர்மக் கதை எழுதுவோர் அதைத் துப்பாக வைக்காதீர்கள்.

7. தனி நோட்டில் தேதி போட்டு, கதாபாத்திரத்துக்கு எது நினைவிருக்கிறது, எது இல்லை என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் சரிபாருங்கள். மறந்துபோன மருமகனை விவசாயி பெயர் சொல்லிக் கூப்பிடும் வரி எங்காவது ஒளிந்திருக்கும்.