கீச்சா? கரகரவா? – பிரேக் சத்தத்தை இனம் காண்பது எப்படி

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

பிரேக் பற்றி நம் பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது, பாகங்களின் பெயர் இருக்கிறது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிக்காரர் யாரும் "காலிப்பர் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று கேட்க மாட்டார். "தம்பி, முன் வீல்ல கீச்சு கீச்சுன்னு கத்துது, என்னன்னு பாரு" என்றுதான் சொல்வார். அந்தக் கீச்சு கீச்சைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. எங்க அப்பா மாமல்லபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். போன வருடம் அவர் வண்டியில் காலை நேரத்தில் சக்கரத்தில் உரசுகிற சத்தம் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். முன்பக்க டிஸ்க் இரண்டையும் பேடுகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்து வருமானம் அதோடு போயிற்று. ஒரு மழை நாள் கழிந்து மறுநாள் காலை வண்டியை எடுத்தால் அதே சத்தம்!

அது பழுதே இல்லை. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது, பெயிண்ட் கிடையாது. கடற்கரையோரம் ராத்திரி நிற்கிற வண்டியில் உப்புக்காற்றும் ஈரமும் பட்டு, விடிவதற்குள் டிஸ்க் மேல் மெல்லிய துரு படர்ந்துவிடும். காலையில் நாலைந்து தடவை பிரேக் போட்டால் பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும், சத்தமும் நிற்கும். புது டிஸ்க்கும் இரும்புதானே, துரு அதை மட்டும் விடுமா? "எப்போ சத்தம் வருது, எத்தனை தூரம் போனா நிக்குது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் சீசன் இல்லாமல் வண்டி இரண்டு மூன்று வாரம் அசையாமல் நின்றால் கதை வேறு. துரு ஆழமாக அரித்துக் குழி விழும். பேடு ஒட்டியிருந்த இடம் அச்சுப் போல டிஸ்க்கில் பதிந்துவிடும். அப்புறம் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் சர்... சர்... என்று தாளம் போடும். நாள் கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேள்வி. தமிழ் ஐயா இரட்டைக்கிளவி நடத்தியபோது சலசல, கலகல என்று மனப்பாடம் செய்தோம். அதன் அருமை எனக்கு ஒர்க்‌ஷாப்பில்தான் தெரிந்தது. வண்டிக்காரர் வாயில் வருகிற சத்தமே பாதி பழுதைச் சொல்லிவிடும்.

முதலில் கீச். கரும்பலகையில் சாக்பீஸை நேராகப் பிடித்து இழுத்தால் பல் கூசுமே, அதே சங்கதிதான். சாக்பீஸ் ஒரு கணம் ஒட்டுகிறது, மறுகணம் வழுக்குகிறது. ஒரு நொடிக்குள் இது பல நூறு தடவை நடப்பதால் அதிர்ந்து கத்துகிறது. பேடும் டிஸ்க்கும் இதே மாதிரி ஒட்டி வழுக்கி, நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்ந்தால் கீச். சாக்பீஸைச் சாய்த்துப் பிடித்தால் அடங்குவது போல, பேடின் முனையைச் சாய்வாகச் சீவுவதும், பேடின் முதுகில் மெல்லிய ஷிம் தகடு வைப்பதும் இதை அடக்கத்தான். வேலை முடிந்ததும் "இது எதுக்கு" என்று ஷிம்மைத் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கோடு கூடப் பிறந்தது. 1902-ல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகத்தின் மேல் உலோகம் உரசியதில் கூச்சல் தாங்க முடியவில்லை. பிறகு ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங்கைக் கொண்டுவந்தார். சத்தம் குறைந்தது, ஆனால் அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது பின்னால் தெரிந்தது. பழைய அம்பாசிடர் டிரம்மைக் கழற்றும்போது கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொரு கீச் வேண்டுமென்றே வைத்தது. பல பேடுகளில் சின்ன எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆனதும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். சில வண்டிகளில் சும்மா ஓடும்போதே கத்தி, மிதித்தால் நிற்கும். சிலவற்றில் மிதிக்கும்போது கத்தும். இதைக் கேட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த நாக்கு தேய்ந்தோ வளைந்தோ போய், சத்தம் நின்றுவிடலாம். "தானா சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்படுவது இந்த இடத்தில்தான் ஆபத்து. அடுத்து வருவது கரகர. பேடு தீர்ந்து, பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிற சத்தம் அது. பேடு மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் டிஸ்க்கும் போகும். வண்டியும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கரகர கேட்டால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் மட்டம் மெல்ல இறங்குவதும் பேடு தேய்வதன் அடையாளமாக இருக்கலாம். மேலே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாமல் பேடையும் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கிர்ர்ர் என்று காது கிழிகிறதா? பயப்படாதீர்கள். செங்கல்பட்டு–திருக்கழுக்குன்றம் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால், டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவில் ஒரு பொடிக்கல் மாட்டலாம். ஓரமாக நிறுத்தி, நாலடி ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். பள்ளத்தில் அடிபட்டுத் தகடே வளைந்திருந்தாலும் இப்படி உரசும். கையாலேயே நிமிர்த்தலாம், ஆறிய பிறகு.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கொதித்து, வண்டி அந்தப் பக்கம் இழுத்தால் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறதா என்று பார்க்கணும். கடலோர வண்டிகளுக்கு இது வரக்கூடிய வியாதி. சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் மட்டுமே போடணும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு ஊம்ம்ம் என்று ஏறினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் அநேகமாக வலது பேரிங். ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் என்றே புரியவில்லையா? ஆளில்லாத தெருவில் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு, அதே சுவர் மறுபக்கம் வரும்படி ஓட்டிக் கேளுங்கள். எந்த முறை சத்தம் பலமாகக் கேட்டதோ, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் கழற்றலாம்.