வலி போயிற்று, பலம் எங்கே?

கேள்வி: தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 2 மாதமாகிறது. வலி இல்லை. பலம் மட்டும் ஏன் வரவில்லை?

பதில்: வலி தேய்ந்த மூட்டினால் வந்தது; மூட்டை மாற்றியதும் போய்விட்டது. பலமோ தசையின் காரியம். வழக்கமான முறையில், மூட்டை எட்டுவதற்காகத் தோளின் முன்புறத் தசைநாரைப் பிரித்து, முடிவில் திரும்பத் தைக்கிறார்கள். அந்தத் தையல் பிடிக்க ஏறக்குறைய 6 வாரம் ஆகும். அதுவரை நாற்காலியில் கையை ஊன்றி எழுவதுகூட ஆபத்து. எடை தூக்கும் பயிற்சி பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பிறகுதான். சும்மா வைத்திருந்தால் தசை மெலியாதா என்பீர்கள். மெலியும்தான். ஆனால் மெலிந்த தசையைப் பயிற்சியால் தேற்றலாம். தையல் விட்டுப்போனால் மறுபடி கத்தி வைக்க நேரலாம். ஓராண்டு வரை பலம் கூடிக்கொண்டே வரும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உள்ளங்கையால் வயிற்றை அழுத்தும் பலம் திடீரென்று குறைந்தால் மட்டும், தையல் விட்டிருக்கலாம் என்பதால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.