தாயக்கட்டையும் நூற்றுவீதமும்

"நூற்றுக்கு எத்தனை?" என்னும் வினா இக்காலத்தில் யாண்டும் ஒலிக்கின்றது. தேர்வில் பெற்ற மதிப்பெண்ணும், வங்கி கொடுக்கும் வட்டியும், நாளை மழை பெய்யுமோ பெய்யாதோ என்பதும் நூற்றுவீதத்தாலேயே கூறப்படுகின்றன. எனினும், பள்ளியிற் பயிலும் சிறாரை நோக்கி, "நூற்றுக்குப் பன்னிரண்டு என்பதன் பொருள் யாது?" என வினவின், நூறாற் பெருக்கி வகுக்கும் முறையைச் சொல்வாரேயன்றி அதன் கருத்தைச் சொல்வார் மிகச் சிலரே. எம் கலாசாலையைச் சார்ந்த பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணாக்கர் 32 பேருக்கு இப்பகுதியைக் கற்பிக்கும் பொறுப்பு எம்பால் வந்தபோது, இக்குறையை நீக்கும்பொருட்டு ஒரு விளையாட்டைத் துணைக்கொண்டோம். மூன்று நாள் நிகழ்ந்த அப்பாடத்தை, ஆசிரியத் தொழிலை மேற்கொள்ள எண்ணும் மாணவ நண்பர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

யாம் தெரிந்துகொண்ட கருவி தாயக்கட்டை. நம் இல்லங்களிற் பாட்டிமார் உருட்டக் கண்டு பழகியதாதலின், அதனை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. பித்தளையாற் செய்த நீண்ட கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முகங்கள் நான்கு. ஒரு முகம் வெறுமை. ஏனைய மூன்றில் முறையே 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் ஒருங்கே உருட்டி, மேல்முகப் புள்ளிகளைக் கூட்டுவர். கூட்டுத்தொகை ஒன்றாயின் அது தாயம். இரண்டு முகமும் வெறுமையாயின் அதனைப் பன்னிரண்டென்று கொள்வர்.

"சூதாடு கருவியைப் பள்ளிக்குட் கொணரலாமோ?" என்று அன்பரொருவர் ஐயுற்றார். பணயமில்லாத இடத்திற் சூதில்லை என்றும், சூதின் மயக்கம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதைக் கணக்கினாற் காட்டுவதே எம் நோக்கம் என்றும் விடையிறுத்து, பந்தயம், பரிசு ஆகிய இரண்டையும் அறவே விலக்கினோம்.

முதல் நாள், விழக்கூடிய தொகைகளாகிய 1, 2, 3, 4, 5, 6, 12 என்பவற்றின் பெயரால் ஏழு அணிகளை வகுத்து, விரும்பிய அணியிற் சேருமாறு பணித்தோம். உருட்டுந்தோறும், விழுந்த எண்ணுக்குரிய அணி ஒரு படி ஏறும். பத்துப் படியை முதலில் ஏறுவது வென்றதாம். பெரும்பாலோர் தாயத்தையும் பன்னிரண்டையுமே நாடினர். மூன்றாம் அணியிற் சேர்ந்தார் இருவரே. மும்முறை ஆடினோம். இருமுறை மூன்றாம் அணியும், ஒருமுறை நான்காம் அணியும் வென்றன. "மூன்று ராசியான எண்" என்றனர் சிலர்.

அதன்பின் கரும்பலகையிற் கட்டம் வரைந்தோம். முதற்கட்டை நான்கு வகையாய் விழலாம். அவ்வொவ்வொன்றோடும் இரண்டாங்கட்டை நான்கு வகையாய் விழலாம். ஆகப் பதினாறு வகை. அவற்றுள் மூன்று விழும் வகைகள் நான்கு: வெறுமையும் மூன்றும், மூன்றும் வெறுமையும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும். தாயம் விழும் வகைகள் இரண்டே. பன்னிரண்டுக்கு ஒன்றே. கட்டைகள் கோணலின்றிச் சமமாயிருப்பின் இப்பதினாறும் ஒத்த உரிமையுடையன. ஆதலின், மூன்று விழுதற்கு நூற்றுக்கு 25, தாயத்துக்கு நூற்றுக்கு 12½, பன்னிரண்டுக்கு நூற்றுக்கு 6¼ பங்கு உண்டு. இங்ஙனம் அளக்கப்படுவதையே கணித நூலார் நிகழ்தகவு என்பர். மறுமுறை உருட்டும் உரிமை தரும் 1, 5, 6, 12 ஆகிய நான்கையும் கூட்டின் ஆறு வகையாம்; அது நூற்றுக்கு 37½ என்று மாணாக்கரே கணக்கிட்டனர். ராசியென்று கூறப்பட்டது கட்டத்தின் முன் வகைகளின் எண்ணிக்கையாய் மாறிற்று.

இரண்டாம் நாள் ஒவ்வொருவரும் பதினாறு முறை உருட்டித் தமக்கு விழுந்த தாயங்களைக் குறித்தனர். பதினாறில் இரண்டு விழவேண்டுமென்பது முன்னாளைக் கணக்கு. ஒருவனுக்கு ஐந்து விழுந்தன. அவன் தன் கை பொன்னென்று மகிழ்ந்தான். மற்றொருவனுக்கு ஒன்றேனும் விழவில்லை. அவனை அவ்வகுப்பார் முன்னரே "ராசியில்லாதவன்" என்று எள்ளி வந்தனர். பந்தாட்டத்திலும் அவனைத் தம் பக்கம் சேர்க்க அஞ்சுவர். நகைப்பொலி எழுந்தது. அவனும் தலைகுனிந்து, "எனக்கு எப்போதும் இப்படித்தான், ஐயா" என்றான். பிறர் கூறியதைத் தானும் நம்பிவிட்டான் என்பதை யாம் அன்றே அறிந்தோம்.

"இதனையும் கணக்கிடுவோம்" என்றோம். ஒரு முறை உருட்டுகையில் தாயம் விழாதிருத்தற்கு எட்டில் ஏழு பங்கு உண்டு. இருமுறையும் விழாதிருத்தல், எட்டில் ஏழன்மேல் மீண்டும் எட்டில் ஏழு. இவ்வாறு பதினாறு முறை பெருக்கிச் செல்லின் எஞ்சுவது நூற்றுக்கு ஏறக்குறைய 11.8 ஆகும். முப்பத்திருவர் உருட்டினால் நால்வரளவில் ஒரு தாயமும் காணாது நிற்பர் என்பது இதன் பயன். ஏடுகளைப் பார்த்தபோது, அவனையன்றி இன்னும் இருவர் வெறுங்கையராய் வாய்மூடி இருந்தமை வெளிப்பட்டது. யாரேனும் சிலர்க்கு நேர்ந்தே தீர்வது இவனுக்கு நேர்ந்தது. அதிற் குற்றமுமில்லை, குறியுமில்லை. "அப்படியானால் இனி அவனுக்குத் தாயம் விழுந்தே தீரும்" என்றான் வேறொருவன். அதுவும் மயக்கமே. பித்தளைக்கு நினைவில்லை, முன் உருட்டியதை அது அறியாது. அடுத்த உருட்டுக்கும் அதே எட்டில் ஒரு பங்கே உண்டு.

பின்னர் எல்லாருடைய தாயங்களையும் அவனைக்கொண்டே கூட்டச் செய்தோம். உருட்டியவை 512, விழுந்த தாயங்கள் 59, நூற்றுக்கு 11½. தனித்தனியே 0 முதல் 31¼ வரை சிதறிக் கிடந்த வீதம், ஒன்றுசேர்ந்தவிடத்துப் பன்னிரண்டரையை அணுகி நின்றது கண்டு வகுப்பார் வியந்தனர்.

இவ்வுண்மையை நிறுவியவர் சுவிட்சர்லாந்து தேசத்து யாக்கோபு பெர்னூலி என்னும் கணித வல்லுநர். அவர் நூல், அவர் இறந்து எட்டாண்டுகளுக்குப்பின் 1713-இல் வெளிவந்தது. இதனைப் பொறுமையோடு சோதித்தவர் தென்னாப்பிரிக்காவிற் கணிதம் கற்பித்த ஜான் கெரிச். 1940-இல் டென்மார்க்கு சென்றிருந்த அவர், ஜெர்மானியர் அந்நாட்டைக் கைக்கொண்டமையாற் காவலில் வைக்கப்பட்டார். அங்கே ஒரு நாணயத்தைப் பதினாயிரம் முறை சுண்டிக் குறித்தார். முதற் பத்தில் தலை விழுந்தவை 4; நூற்றில் 44; ஆயிரத்தில் 502; பதினாயிரத்தில் 5,067. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சரிபாதியினின்று வேறுபாடு முதற் பத்தில் ஒன்றாயிருந்து, இறுதியில் 67 ஆயிற்று. ஆயினும் வீதமோ நூற்றுக்கு 40-லிருந்து 50.67 ஆகிப் பாதியை நெருங்கிற்று. முன் குறைந்ததைப் பின்வருவன ஈடுசெய்வதில்லை. பெருந்தொகையில் அக்குறை சிறுத்துத் தோன்றுகின்றது. எனவே, எந்த நூற்றுவீதத்தைக் கேட்டாலும் "எத்தனையுள்?" என்று திருப்பிக் கேட்கவேண்டுமென மாணாக்கர்க்குக் கூறினோம்.

அன்று மாலை அம்மாணவன் எம்மிடம் வந்து, "ஐயா, எனக்கு ராசிக்குறைவு இல்லையென்றால், ஐந்து தாயம் போட்டவனுக்கும் கைராசி இல்லைதானே?" என்றான். அவ்வினாவே மூன்றாம் நாட் பாடமாயிற்று.

மூன்றாம் நாள் பந்தயமுறையாட்டம் நடத்தினோம். இருவர் எதிரெதிர் அமர்ந்து ஒவ்வொரு முறை உருட்டுவர், பெருந்தொகை பெற்றவர் மேற்செல்வர், தோற்றவர் விலகுவர், தொகை ஒத்தால் மீண்டும் உருட்டுவர். 32 பேர் 16 ஆகி, 8, 4, 2 என்று குறைந்து, ஐந்தாஞ்சுற்றில் ஒருத்தி எஞ்சினாள். வகுப்பார் கைகொட்டி ஆரவாரித்தனர். அவள் வெற்றியின் மருமம் யாதென்று கேட்டோம். "கட்டையை நெஞ்சோடு அணைத்துப் பின் உருட்டினேன்" என்றாள். பலர் அதனைப் பின்பற்றவும் ஆயத்தமாயினர். அப்பொழுது அச்சிறுவன் எழுந்து, "ஐயா, யார் விளையாடினாலும் கடைசியில் ஒருவர் ஐந்து முறையும் வென்றுதானே ஆகவேண்டும்!" என்றான். எவர்க்கும் சமமாய் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 3⅛, உண்டு. அஃது அவள்பால் விழுந்தது. மறுபடி ஆடியபோது அவள் முதற்சுற்றிலேயே விலகினாள். ஐந்து தாயம் பெற்றவனும் இரண்டாஞ்சுற்றைக் கடக்கவில்லை. நகைத்தனர், ஆனால் எவரையும் எள்ளி நகைத்திலர்.

மகாபாரதத்து வன பருவத்தில் வரும் நளன் கதையை நண்பர்கள் அறிவர். சூதில் நாடிழந்த நளன், தேரோட்டியாய்ச் செல்லும் வழியில், அரசன் இருதுபர்ணன் ஒரு தான்றிமரத்தைக் கண்டு அதன் இலையையும் கனியையும் கணித்துக் கூறுகின்றான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்க அது சரியாகின்றது. எண்ணும் வன்மையும் கவற்றின் வித்தையும் ஒருங்கே அறிந்த அவனிடம் அவற்றைக் கற்ற பின்னரே நளனுக்கு விடிவு பிறக்கின்றது. சூதில் அழிந்தவனை எண்ணறிவு மீட்டது என்னும் அக்கதை எம் வகுப்பறைக்கும் பொருந்துவதாயிற்று.

இத்தகைய பாடத்தை நடத்த விரும்புவோர்க்கு இரண்டு சொல்லுதும். கட்டம் வரையுமுன் ஆடவிடுக. வியப்புத் தோன்றாத இடத்தில் விடை சுவைப்பதில்லை. தனியொருவன் கணக்கோடு நிறுத்தாது வகுப்பு முழுவதையும் கூட்டுக. நூற்றுவீதத்தின் உயிர் ஆண்டே உள்ளது.

திறமையால் வருவதும் உண்டு. தற்செயலால் வருவதும் உண்டு. ஒரு தேர்வையோ ஓர் ஆட்டத்தையோ கொண்டு ஒருவனை அளந்துவிடுதல், ஒரு முறை உருட்டிக் கட்டையின் இயல்பைக் கூறுதலை ஒக்கும். மறுவாரம் பந்தாட்டத்துக்கு அணி பிரித்தபோது, அம்மாணவனை முதலிற் கூவி அழைத்தனர். எம் பாடம் எத்துணைப் பேருக்கு விளங்கிற்றென்பதை நூற்றுவீதத்தாற் கூற யாம் முயலவில்லை. அவ்வொரு குரல் எமக்குப் போதியதாயிற்று.