எழுத்தா, கதையா? வகுப்பறை வாசிப்பு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நான்காம் வகுப்புப் பாடநூல்கள், குழந்தைக்கு வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. அறிவியல், சமூகவியல், கணக்கில் வரும் வாழ்க்கைச் சூழல் வினாக்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். அதற்குள் வாசிப்பு கைகூடாத குழந்தைக்குத் தமிழ்ப் பாடம் மட்டுமல்ல, எல்லாப் பாடங்களும் கைநழுவுகின்றன.

இந்தப் பொறுப்பை உணர்ந்த ஆசிரியர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. எழுத்தை முதலில் முடியுங்கள் என்கிறார் ஒருவர். கதை சொல்லுங்கள், வாசிப்பு தானாக வரும் என்கிறார் இன்னொருவர். இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதை, எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று திட்டமிடும்போதுதான் சில பழைய நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

நம்பிக்கை 1: 247 எழுத்துகளையும் முடித்த பிறகே வாசிக்கத் தொடங்க வேண்டும்.

உண்மை: 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்ற கணக்கு சரி. ஆனால் குழந்தை 247 வடிவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெய்யோடு உயிர்க்குறி சேரும் முறை பிடிபட்டால், பெரும்பாலான உயிர்மெய்களை அதுவே வாசித்துவிடும். ப, ட, ம, ர என்ற நான்கோடு புள்ளியும் தெரிந்த குழந்தையால் படம், பட்டம், மரம், பம்பரம் ஆகியவற்றை வாசிக்க முடியும். துணைக்கால் அறிமுகமானதும் பாடம், மாடம், பாரம் கிடைத்துவிடுகின்றன.

சில குறிகளுக்குக் கூடுதல் நாள் தேவை. கெ, கே, கை ஆகியவற்றில் குறி இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. கொ, கோ என்பவற்றில் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, து என உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறுகிறது. நம்முடையதைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைப் பிழையறக் கற்பது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று காட்டியது. அட்டவணை முடியட்டும் என்று காத்திருந்தால் அத்தனை ஆண்டுகள் குழந்தை கதை இல்லாமலே இருக்க நேரும்.

நம்பிக்கை 2: தமிழ், எழுதியபடியே ஒலிக்கும் மொழி. எழுத்து தெரிந்தால் போதும்.

உண்மை: கல், பகல், தங்கம் ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. சகர, டகர, தகர, பகரங்களும் இடத்துக்கேற்ப ஒலி மாறுபவையே. சொல்லின் முதலில், இரட்டிக்கும்போது, மெல்லினத்தை அடுத்து வரும்போது என இந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தங்கம், சங்கு, பங்கு என ஒரே ஒழுங்கில் வரும் சொற்களைத் திரட்டிக் கொடுத்தால் குழந்தை அதைச் சீக்கிரம் கண்டுகொள்ளும்.

நம்பிக்கை 3: படத்தைப் பார்த்து, அடுத்த சொல்லை ஊகித்துப் படித்தால் வாசிப்பு தானாக வந்துவிடும்.

உண்மை: அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1967இல் வாசிப்பை ஒருவகை ஊக விளையாட்டு என்று விளக்கினார். பல நாடுகளின் வகுப்பறைகளில் அந்தக் கருத்து செல்வாக்குப் பெற்றது. பின்னர் வந்த கண்ணசைவு ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லின. தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களின் மேல் நின்றே நகர்கிறது. ஊகத்தை அதிகம் நம்பியிருப்பவர்கள் வாசிக்கத் தடுமாறுபவர்களே. இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையில் 2006இல் வெளியான அறிக்கை, எழுத்தையும் ஒலியையும் முறையாக, வரிசைப்படி கற்பிக்கப் பரிந்துரைத்தது.

படமும் கதையும் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நாயின் படத்தைப் பார்த்து 'நரி' என்ற சொல்லை 'நாய்' என்று படிக்கும் குழந்தையைப் பாராட்டிவிட்டு நகராதீர்கள். எழுத்துக்குத் திரும்ப அழைத்து வாருங்கள்.

நம்பிக்கை 4: தடங்கலின்றிப் படிக்கும் குழந்தைக்குப் பொருளும் புரிந்துவிடும்.

உண்மை: கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி.

நம் குழந்தைகளுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. வீட்டில் 'வந்தாங்க' என்று கேட்ட காதுக்கு நூலில் 'வந்தார்கள்' வருகிறது. எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகாத குழந்தை ஒவ்வொரு வரியிலும் இரண்டு வேலை செய்கிறது. அதனால்தான் ஆசிரியர் நாள்தோறும் நூலைக் கையில் வைத்து உரக்க வாசிக்க வேண்டியிருக்கிறது. வாய்மொழிக் கதை அருமையானதுதான், ஆனால் எழுத்துத் தமிழின் ஓட்டத்தைக் காதுக்குத் தருவது நூல் வாசிப்பே.

பின்புல அறிவும் அதே அளவு முக்கியம். ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்பால் ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த பலவீன வாசகர்கள், அந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாத நல்ல வாசகர்களை விட ஆட்டம் பற்றிய பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நெய்தல் நிலம் பற்றிய பாடத்துக்கு முன் கடலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது அந்தப் பாடத்துக்கான வேலைதான்.

நம்பிக்கை 5: சமநிலை என்றால் எல்லாவற்றுக்கும் சம நேரம், எல்லாருக்கும் ஒரே பாடம்.

உண்மை: அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் ஐந்து கூறுகளை முன்வைத்தது: சொல்லுக்குள் ஒலியைப் பிரித்தறிதல், எழுத்து–ஒலி உறவு, சரளம், சொல்வளம், பொருள் உணர்தல். ஐந்தும் எல்லாருக்கும் வேண்டும். எந்தக் கூறுக்கு எவ்வளவு என்பது குழந்தை நிற்கும் படியைப் பொறுத்தது.

நாளுக்கு 80 நிமிடம் கிடைக்கிறது என்று கொள்வோம். முதல் 15 நிமிடம் ஆசிரியர் உரக்க வாசித்து, கதையைப் பற்றி எல்லாரோடும் பேசலாம். அடுத்த 20 நிமிடம் எழுத்து, குறி, சொல். பிறகு 25 நிமிடம் குழு வேலை. அப்போது எழுத்து பிடிபடாத குழந்தைகள் ஆசிரியரோடு அமர, சொல் வாசிப்பவர்கள் இணையாகப் படிக்க, சரளமாக வாசிப்பவர்கள் வினாக்களுக்கு விடை எழுதலாம். 10 நிமிடம் அன்று கற்ற சொற்களை வைத்து எழுத்து வேலை. கடைசி 10 நிமிடம் அவரவர் எடுத்த நூல். இரண்டாம் வகுப்பின் இறுதிக்குள் எழுத்துக்கான நேரம் குறைந்து, சொல்வளத்துக்கும் பொருளுக்கும் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் இப்படிப் பிரித்துக் கற்பிக்க உதவுபவை. வாசிப்பு இயக்க நூல்களின் நுழை, நட, ஓடு, பற என்ற வரிசையும் அப்படியே. ஈராசிரியர் பள்ளிக்கு இது இன்னும் பொருந்தும்: வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்தால் இரண்டு பேரால் ஐந்து வகுப்புகளைக் கவனிக்க வழி பிறக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. குழு என்பது சில வாரங்களுக்கான ஏற்பாடு. ஜூனில் அரும்பில் அமர்ந்த குழந்தை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், மாற வேண்டியது திட்டம்.

நம்பிக்கை 6: ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னால் எல்லாருக்கும் பயிற்சி கிடைக்கும்.

உண்மை: 30 பேர், 40 நிமிடம் என்று வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. தடுமாறும் குழந்தைக்கோ அந்தச் சில நொடிகளும் வகுப்பின் முன் கூனிக் குறுகும் நேரம். இருவர் இருவராக மாறி மாறிப் படித்தால் அதே 40 நிமிடத்தில் ஒவ்வொருவரும் 20 நிமிடம் வாசிக்க முடியும். ஒரே பத்தியைச் சரளம் வரும்வரை மீண்டும் மீண்டும் வாசிக்கும் முறையை ஜே சாமுவேல்ஸ் 1979இல் விளக்கினார். ஒரு சிறு பத்தியும் ஒரு துணையும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

நம்பிக்கை 7: மூன்றாம் வகுப்புக்குள் வராத வாசிப்பு இனி வராது.

உண்மை: வரும். முதலில் தடங்கல் எங்கே என்று பார்க்க வேண்டும். எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்ற வரிசையில் குழந்தையைத் தனியாக அமர்த்தி வாசிக்கச் சொன்னால் சில நிமிடங்களில் அது தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தடங்கல் உயிர்க்குறியில் இருந்தால், அங்கிருந்தே தொடங்க வேண்டும். முறையாகக் கற்பித்தும் தொடர்ந்து திணறினால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது அறிவுக் குறைவோ சோம்பலோ அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை' அங்கீகரிக்கிறது. மதிப்பீடும் உதவியும் அந்தக் குழந்தையின் உரிமை.

எழுத்து, பொருள் இரண்டில் ஒரு பக்கம் சேர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒன்றாம் வகுப்பின் முதல் நாளிலிருந்தே இரண்டும் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், குழந்தை வளர வளர அளவு மாற வேண்டும். ஆசிரியர்களே, அடுத்த வாரத் திட்டத்தை எழுதுமுன் ஒவ்வொரு குழந்தையையும் தனியே ஒருமுறை வாசிக்கக் கேளுங்கள். தலைமையாசிரியர்களே, அதற்கான நேரத்தை அவர்களுக்குப் பதிவேடுகளிடமிருந்து மீட்டுக் கொடுங்கள்.