முழங்காலைப் பேணும் உடற்பயிற்சி

நுழையும்முன்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் ஓடத் தொடங்குகின்றனர். முழங்கால் வலித்ததும் பயிற்சியை அடியோடு விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே நல்வழி ஒன்று உண்டு. அதனை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையில் அமைந்த ஊர் பனச்சமூடு. அவ்வூர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவர் காலை முதல் இரவு வரை நின்றே வாணிகம் செய்கிறார். நடப்பது குறைவு, உண்பதும் பொழுது தவறியே. ஆண்டுகள் செல்லச் செல்ல எடை கூடியது. அதனைக் குறைக்க எண்ணி, விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தின் சரிவுப் பாதையில் ஓடத் தொடங்கினார். ஒரு வாரத்தில் முழங்கால் வீங்கியது. "இனி உடற்பயிற்சி எனக்கு ஆகாது" என முடிவு செய்தார். அம்முடிவு சரியா?

முழங்கால் மூட்டில் எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாக மூடியுள்ளது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. நாம் காலை மடக்கி நீட்டும்போது, மூட்டினுள் இருக்கும் நீர்மத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே, மூட்டுக்கு அசைவு வேண்டும். அளவற்ற அதிர்ச்சிதான் வேண்டா.

எடைக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்பு வியப்பூட்டுவது. மூட்டுத் தேய்வும் மிகுந்த எடையும் கொண்ட முதியோரிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வொன்று 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைவதாக அது காட்டியது. அவ்வாறெனில், 5 கிலோ குறைத்தவரின் முழங்கால், அடிக்கு 20 கிலோ சுமையை இறக்கி வைக்கிறது!

அதிர்ச்சி குறைந்த பயிற்சிகள் எவை? ஓடும்போது இரு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழுகின்றன. பின்னர் முழு உடலும் ஒரு காலில் வந்து இறங்குகிறது. நடக்கும்போதோ ஒரு கால் எப்போதும் நிலத்தில் ஊன்றியிருக்கும். ஆதலால் நடை மூட்டுக்கு இதமானது. எனினும், சரிவில் இறங்குவது முழங்காலை மிகுதியும் அழுத்தும். தொடக்கத்தில் சமதளமே ஏற்றது. மிதிவண்டியில் உடலின் பெரும்பகுதியை இருக்கை தாங்குகிறது. மிதிகட்டை கீழே செல்லும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்தல் வேண்டும். இடுப்பளவு நீரில் நடப்பவரின் எடையில் ஏறத்தாழப் பாதியை நீரே தாங்குகிறது. ஆயினும், ஆற்றிலும் குளத்திலும் துணையின்றி இறங்குதல் கூடாது. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமரும் பயிற்சி தொடைத் தசைகளை வலுவாக்கும்; வலுவான தசை மூட்டின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

வளர்ந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அஃதாவது நாளொன்றுக்கு 30 நிமிடம் வீதம் 5 நாள்கள். அதனையும் 10 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். பயிற்சியோடு உணவிலும் அளவு வேண்டும். மரச்சீனிக் கிழங்கையும் சோற்றையும் விட்டொழிக்க வேண்டியதில்லை. அளவைக் குறைத்துக் காய்கறியையும் பயறையும் கூட்டினால் போதும்.

நம் வணிகர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். வீக்கம் வடிந்தபின், அவர் கூறும் அளவில் சமதளத்தில் நடக்கலாம். அவர் கைவிட வேண்டியது ஓட்டத்தையே, உடற்பயிற்சியை அன்று.

சொல்லும் பொருளும்

வாணிகம் – வணிகத் தொழில்
நீர்மம் – நீர் போன்று ஓடும் பொருள்
மரச்சீனி – மரவள்ளி

மதிப்பீடு

1. குருத்தெலும்பு எவ்வாறு ஊட்டம் பெறுகிறது?
2. ஓட்டத்திற்கும் நடைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஒருவர் 3 கிலோ எடை குறைத்தால், அடிக்கு எத்தனை கிலோ சுமை முழங்காலுக்குக் குறையும்?

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் நின்றுகொண்டே பணி செய்பவர் எவர்? அவருக்கு முழங்கால் வலி உண்டா எனக் கேட்டறிக. அவரோடு மாலையில் 10 நிமிடம் நடந்து, அவ்வனுபவத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.